அம்மா என்னோடு இல்லை என்று எழுதிக் கொடுத்தேன்

கெடா மாநிலத்து ஜித்ராவில் ஓர் இடைநிலைப்பள்ளியில் இருபத்தாறு வருடம் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவள் நான். அந்த இருபத்தாறு வருடமும் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டது 'ஸ்டே' என்கிற ஒரே ஒரு வினைச்சொல்தான். இந்த நாட்டில் யாரும் யாரையும் எங்கே 'லிவ்' பண்ணுகிறாய் என்று கேட்பதில்லை. "ஸ்டே வேர் லா?" என்றுதான் கேட்பார்கள். பிறந்ததிலிருந்து அறுபது வருடம் ஒரே வீட்டில் கிடப்பவர்களும் அங்கே 'ஸ்டே' பண்ணுகிறார்கள். கேட்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வகுப்பில் தொண்டை கிழியச் சொல்வேன். உன் அடுப்பும் பாயும் பழைய செருப்பும் எங்கே கிடக்கிறதோ, அங்கே நீ 'லிவ்' பண்ணுகிறாய். ஒரு பையைத் தூக்கிக்கொண்டு போய் அதே பையோடு திரும்பி வருகிற இடத்தில் 'ஸ்டே' பண்ணுகிறாய். ஹோட்டல், லீவுக்குப் போகிற அத்தை வீடு, ஆஸ்பத்திரிக் கட்டில். புரிந்ததா? புரிந்தது டீச்சர். மறுநாள் கட்டுரை நோட்டைத் திறந்தால் 'ஐ ஸ்டே இன் ஜித்ரா வித் மை ஃபேமிலி' என்று முத்து முத்தாக எழுதி வைத்திருப்பார்கள். சிவப்புப் பேனா தீர்ந்ததுதான் மிச்சம்.

இவ்வளவு கறாராக வித்தியாசம் சொன்னவளுக்கு, தன்னைப் பெற்றவள் எந்தப் பக்கம் என்று ஒருநாளும் யோசிக்கத் தோன்றவில்லை. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். எழுதவே அருவருப்பாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

அம்மா தெற்குக் கெடாவில் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசைவீட்டில், இருந்தார். நான் பிறந்ததும் அதே லயத்தில், அதே வீட்டில்தான். ரப்பர் இருந்தவரை பால்மரம் வெட்டிப் பால் எடுத்தார். எண்ணெய்க்கான செம்பனை வந்த பிறகு குனிந்து குனிந்து உதிரிப்பழம் பொறுக்கினார். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அவருடைய சேலையிலும் தலைமுடியிலும் மரத்தில் உறைந்துபோன ஒட்டுப்பாலின் நாற்றம் அடிக்கும். அது எப்பேர்ப்பட்ட நாற்றம் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும், அழுகின மாதிரி இருக்கும். பெற்றோர் கூட்டத்துக்கு அம்மா வந்தால் நான் இரண்டு நாற்காலி தள்ளி உட்காருவேன். அம்மா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பார். அப்பா தவறிப்போய் வெகுநாளாகிவிட்டது. வேலை ஓய்ந்த பிறகும் கம்பெனி அம்மாவை வெளியே போகச் சொல்லவில்லை. அந்த லயத்து வீட்டைக் கேட்டு வேறு யாரும் வரிசையில் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

நான் டவுன் பக்கம் மெர்கோங்கில் ஒரு தாமானில், வரிசையாகக் கல்வீடு கட்டின குடியிருப்பில், குடித்தனம் பண்ணுகிறேன். என் வீட்டுக்காரர் அலோர் ஸ்டாரில் மளிகைக்கடை வைத்திருக்கும் குடும்பம். தோட்டத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டது அவர்கள் வீட்டில் பெரிய தியாகமாகப் பேசப்பட்ட சங்கதி. அம்மா மாதம் ஒருமுறை கண் கிளினிக்குக்காக வருவார். பஸ்ஸில் வருவார். வரும்போது தஞ்சோங் டாவாய் கடற்கரைக் கருவாடு ஒரு பொட்டலம் கொண்டுவருவார். அந்தப் பொட்டலம் என் வீட்டு வாசற்படியைத் தாண்டியதில்லை. என் மாமியார் மூக்கைப் பொத்திக்கொண்டு "அத வெளிய வை" என்பார், நான் வெளியே வைத்துவிடுவேன். அம்மாவுக்கென்று ஒரு சில்வர் டம்ளர் பின்பக்கத் தொட்டியோரம் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தது. யாரும் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. டம்ளர் மட்டும் தனியாக இருந்தது. மாமியார் தவறிப்போய் நாலு வருடம் ஆகிறது. டம்ளர் அதே இடத்தில்தான் இருந்தது. அதைக் கவிழ்த்து வைக்கிற கை இப்போது என் கை. சீ!

அம்மா இஸ்திரி போடும் அறையில் பாய் விரித்துப் படுப்பார். விடிந்ததும் பாயைச் சுருட்டி அலமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டு, வந்த சுவடே தெரியாமல் கிளம்பிவிடுவார். "ரெண்டு நாள் இரேன்மா" என்று நான் சொன்னதுண்டு. சொல்கிற விதத்திலேயே அம்மாவுக்குப் புரிந்துவிடும். "கோழிக்குத் தீனி வைக்கணும்" என்பார்.

இப்போது ஐசி விஷயத்துக்கு வருகிறேன். தோட்டத்தில் யாருக்கும் கதவு எண் கிடையாது. எல்லோருடைய ஐசியிலும், அந்த அடையாளக் கார்டில், தோட்டத்தின் பெயரும் டிவிசனும் மட்டும்தான் இருக்கும். கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து ஒரு அட்டைப்பெட்டியில் கிடக்கும். அங்கே கணக்கெழுதும் கிராணிக்கு மனசு வந்தால் ஆள் அனுப்புவார். கண்புரை ஆபரேஷனுக்கு அம்மாவை வரச்சொன்ன ஆஸ்பத்திரிக் கடிதம் அந்தப் பெட்டியில் மூன்று மாதம் கிடந்து பாழாய்ப் போனது. நான் கொதித்துப் போனேன். நம் ஆட்கள் எல்லோரும் செய்கிற வேலையைத்தான் நானும் செய்தேன். டவுனில் பிள்ளை வீடு இருந்தால் பெற்றவர்களின் ஐசி விலாசத்தை அங்கே மாற்றிவிடுவது. கடிதம் ஒழுங்காக வரும், கிளினிக் பக்கத்திலேயே இருக்கும், அரசாங்க உதவிப்பணத் தாள் கைக்கு வரும். ஒரு காலைப்பொழுதில் அம்மாவைக் கூட்டிப்போய் மெர்கோங் விலாசத்துக்கு மாற்றிவிட்டேன். அம்மா புதுக் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இனிமே நான் மெர்கோங்காரியா?" என்று சிரித்தார்.

"கடுதாசிக்குத்தாம்மா" என்றேன்.

அம்மா அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. லயத்தில் வீடு வீடாகப் போய் அந்தக் கார்டைக் காட்டியிருக்கிறார். "எம் மக என்னை அவ வீட்டுலயே சேத்துட்டா" என்று சொல்லியிருக்கிறார்.

போன வருடம் தோட்டம் கைமாறியது. செம்பனையை அழித்துவிட்டு வீடமைப்பு வரப்போகிறது என்றார்கள். லயத்தில் குடியிருப்பவர்களுக்கு, பக்கத்திலேயே இரண்டு அறை வைத்த மலிவு வீடு ஒன்று தருவதாகக் கம்பெனி ஒப்புக்கொண்டது. அதைக் கேட்டு அம்மா போனில் பேசிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. "கல்லு வீடு! கக்கூஸ் உள்ளயே இருக்குதாம்!" என்று சின்னப்பிள்ளை மாதிரி கூவினார். எழுபத்தைந்து வயதில், குடை பிடித்துக்கொண்டு வெளிக் கக்கூசுக்குப் போகும் மனுஷிக்கு அது எப்பேர்ப்பட்ட செய்தி என்று எனக்குத் தெரியும்.

கோயில் மதிலில் பெயர்ப் பட்டியல் ஒட்டினார்கள். அம்மா பெயர் இல்லை.

நான் காரை எடுத்துக்கொண்டு ஓடினேன். லயம் இருந்த கோலத்தை என்ன சொல்ல! ஆட்கள் தாங்களாகவே கிளம்பட்டும் என்று குப்பை எடுப்பதை நிறுத்தியிருந்தார்கள். சாக்கடை அடைத்து, புழு நெளியும் தண்ணீர் வாசல்வரை ஏறியிருந்தது. மூச்சு விட முடியவில்லை. அந்த நாற்றத்துக்கு நடுவே, பூட்டிக் கிடந்த சில வீடுகளின் முன்னால் மட்டும் கொடியில் வரிசையாகத் துணி காய்ந்துகொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன். ஒரு துணியும் நனைத்ததே இல்லை. இஸ்திரி மடிப்புக்கூடக் கலையாத சட்டைகள். கணக்கெடுக்க ஆள் வரும் நாளில் டவுனிலிருந்து வந்து, நனைக்காத துணியைக் கொடியில் மாட்டி, உள்ளே ஒரு மின்காத்தாடியைச் சுழலவிட்டு, 'நாங்கள் இங்கேதான் குடியிருக்கிறோம்' என்று காட்டிவிட்டுப் போகிறார்கள். அவர்களில் ஒருவர் தோட்டக் கமிட்டித் தலைவரின் மருமகன்.

தலைவரைப் பிடித்தேன். கோயில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க டீச்சர். சௌக்கியமா?"

"அம்மா பேரு ஏன் இல்லண்ணே?"

"ஐசில மெர்கோங்குன்னு இருக்கே டீச்சர். ரூல்ஸ் ரூல்ஸ்தானே லா. அம்மாவே எல்லாருகிட்டயும் சொன்னாங்களே, மக கூட்டிக்கிட்டான்னு. டீச்சர் வீட்டுல மகாராணி மாதிரி இருக்காங்கன்னு எங்களுக்கெல்லாம் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?"

"உங்க மருமகன் சுங்கைப்பட்டாணியில மாடிவீட்டுல இருக்காரே. அவரு பேரு எப்படி வந்துச்சு?"

பல்லைக் காட்டினார். "அவரு ஐசில தோட்டந்தான் டீச்சர். போன மாசந்தான் மாத்துனாரு. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வந்து படுக்குறாரு."

காறித் துப்பலாம் போலிருந்தது. துப்பவில்லை. நான் டீச்சராயிற்றே.

கம்பெனி ஆபீசர் ஒரு மலாய்க்கார இளைஞர். மரியாதையானவர், பாவம், களைத்துப் போயிருந்தார். தாளில் என்ன இருக்கிறதோ அதுதான் தன் கண்ணுக்குத் தெரியும் என்றார். மேல்முறையீட்டு நாளில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அம்மா உங்களோடு இல்லை என்று சத்தியப் பிரமாணம் எழுதிக் கொண்டுவாருங்கள். அது போதும், நான் சேர்த்துவிடுகிறேன் என்றார். எனக்கு உயிர் வந்தது. எழுதுவதா கஷ்டம்? இருபத்தாறு வருடம் அதைத்தானே செய்தேன்.

அன்று சாயங்காலமே உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதினேன். என் தாய் என்னோடு ஒருபோதும் 'லிவ்' பண்ணியதில்லை, ஓரிரு இரவு 'ஸ்டே' பண்ணியிருக்கிறார், அவ்வளவே. எழுதி முடித்ததும், சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குள் ஒரு மமதை. இரண்டு சொல்லும் அதனதன் இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தன. எந்த ஆபீசரும் இதை மறுக்க முடியாது என்று நினைத்தேன்.

வீட்டுக்காரர் வாங்கிப் படித்தார். "இப்படி எழுதித்தான் ஆகணுமா? கடைக்கு வர்றவங்க காதுல விழுந்தா என்ன பேசுவாங்க?" என்றார்.

"அப்ப நீங்களே ஒரு வழி சொல்லுங்க."

தாளை மேசையில் வைத்துவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தையை இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிடலாமே என்று அவர் வாயில் வரவில்லை. என் வாயில் மட்டும் வந்ததா? அவர்மேல் எனக்கு வந்த குமட்டலில் பாதி எனக்கே சேர வேண்டியது.

மறுநாள் சத்தியப் பிரமாண அதிகாரியிடம் முத்திரை வாங்கினேன். அம்மாவிடம் தாளில் என்ன இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. "எல்லாம் எழுதிட்டேன்மா. நீ ஒண்ணும் பேச வேணாம். கேட்டா தோட்டத்துலதான் இருக்கேன்னு சொல்லு, போதும்" என்றேன். அம்மா தலையாட்டினார்.

மேல்முறையீடு தோட்டத்து மண்டபத்தில் நடந்தது. லயத்து ஆட்கள் முக்கால்வாசிப் பேர் வந்திருந்தார்கள். வேலையற்றுப் போய் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் இருந்தார்கள். அம்மா தீபாவளிக்கு நான் வாங்கிக் கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம் "மக வாங்குனது" என்று முந்தானையைத் தொட்டுக் காட்டியதை நான் பார்த்தேன்.

எங்கள் முறை வந்தது. ஆபீசர் என் தாளைப் படித்துவிட்டுத் தலையசைத்தார். காரியம் முடிந்தது என்றே நினைத்தேன். அப்போது தலைவர் எழுந்தார்.

"டீச்சர், இங்க பாதிப் பேருக்கு இங்கிலீசு தெரியாது. கொஞ்சம் தமிழ்ல படிச்சுடுங்க. அப்பறம் கமிட்டி ஒளிச்சு மறைச்சு செஞ்சிருச்சுன்னு யாரும் பேசக்கூடாது பாருங்க" என்றார். முகத்தில் அவ்வளவு சாந்தம். அயோக்கியன்! அவருக்குத் தெரியும், நான் எதைப் படிக்கப் போகிறேன் என்று.

படித்தேன். வேறு என்ன செய்ய?

"என் தாயார் என்னோடு ஒருபோதும் வாழ்ந்ததில்லை. என் வீட்டுக்கு வந்தால் ஓர் இரவு தங்கிவிட்டுப் போவார். என் வீட்டில் அவருக்கென்று அறையோ கட்டிலோ அலமாரியோ கிடையாது. அவருடைய துணிமணி, பாத்திரம், சாமிப்படம் எல்லாம் தோட்டத்து வீட்டில்தான் இருக்கின்றன."

ஆங்கிலத்தில் அது ஒரு விவரம். அதில் ஒரு அழுக்கும் என் கண்ணில் படவில்லை. தமிழில், அம்மாவோடு மரம் வெட்டியவர்கள் முன்னால், என்னைச் சின்னப்பிள்ளையில் இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டவர்கள் முன்னால், வாய்விட்டுப் படித்தபோது எனக்கே நாறியது. நாலாவது வாக்கியம் வருவதற்குள் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பின்வரிசையில் ஒரு அக்கா "அடிப்பாவி, பெத்தவளுக்கு ஒரு கட்டிலுகூடவா இல்ல" என்று சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். எல்லோருக்கும் கேட்டது.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தன் கையில் இருந்த ஐசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபீசர், வயதான பெண்களை விளிக்கும் மரியாதையோடு, அம்மாவிடம் மலாயில் கேட்டார். "மக்சிக், இப்போ எங்க இருக்கீங்க? இங்கயா, மக வீட்டுலயா?"

அம்மா எழுந்து நின்றார். தெரிந்த மலாயில், எல்லோருக்கும் கேட்கும்படி, "சாயா அனாக் பூஞா ரூமா" என்றார். என் மகள் வீட்டில்.

"அம்மா!" என்று கத்தினேன். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. மண்டபத்தைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

"எம் மக பொய் எழுதியிருக்குங்க. அம்மாவுக்கு வீடு கெடைக்கட்டும்னு எனக்காகத்தான் எழுதியிருக்கு. தப்பா எடுத்துக்காதீங்க. எனக்குன்னு தனி ரூமு, கட்டிலு, காத்தாடி எல்லாம் போட்டுக் குடுத்திருக்கா. மாப்புள்ளையும் தங்கமான மனுசன். நான் அங்கதான் இருக்கேன். இங்க சும்மா கோழியப் பாக்க வந்து போறேன்."

வாழ்க்கையில் நான் சத்தியம் பண்ணிச் சொன்ன ஒரே உண்மை அது. அதைப் பொய்யாக்கிவிட்டு, அந்தப் பச்சைப் பொய்யை முன்னால் நிறுத்தினார் அம்மா. மண்டபமே அம்மாவை நம்பியது. நம்பத்தான் எல்லோருக்கும் ஆசை.

ஆபீசர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பொய்ப் பிரமாணம் கொடுப்பது குற்றம் என்று உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டார். பிறகு, இதை நான் பார்த்ததாகவே வைத்துக்கொள்ளவில்லை, எடுத்துக்கொண்டு போங்கள் என்று தாளை நீட்டினார். கருணையோடுதான் நீட்டினார். தலைவர் நெஞ்சில் கை வைத்து, "இதுதான்யா தாயி" என்று உருகினார். இரண்டு பேர் கை தட்டினார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது எனக்கு.

வெளியே வந்ததும் வெடித்தேன். "கிறுக்கு புடிச்சிருக்கா உனக்கு? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னா வீடு கெடச்சிருக்கும்!"

"கத்தாத. எல்லாரும் பாக்குறாங்க" என்றார் அம்மா.

காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் பேசினார். குரலில் கோபமே இல்லை.

"வீடு போனா போவுது. நாளைக்கி என் சாவுக்கு இந்த ஆளுங்கதான வரப்போறாங்க? வாக்கரிசி போடுறப்ப என்ன பேசிப்பாங்க? டீச்சரு மக, பெத்தவள வெச்சுக்கலன்னு பேசிப்பாங்க. உன் மூஞ்சிக்கு நேராவே பேசுவாங்க. நீ எப்படி அங்க நிப்ப?"

சாவியைத் திருகக்கூடத் தோன்றவில்லை. கார் நின்ற இடத்துக்கு நேராக அந்த மருமகனின் கொடித்துணிகள் தெரிந்தன. அவர் ஆள் ஒருவர் வந்து துணியையெல்லாம் உருவி, மடிப்புக் கலையாமல் ஒரு பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். அவர்கள்மேல் வந்த ஆத்திரம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. அவர்கள் குடியிருப்பதாகப் பொய் சொல்லி ஒரு வீட்டை வாங்கினார்கள். நான் என் அம்மா என்னோடு இல்லை என்ற உண்மையைச் சொல்லி ஒரு வீட்டை வாங்கப் பார்த்தேன். இதில் எது அசிங்கம்?

"எப்ப காலி பண்ணணுமாம்?" என்று கேட்டார் அம்மா.

"மாசக் கடைசிக்குள்ள."

அம்மா விரல் விட்டு எண்ணினார். கோழிகளை யாரிடம் கொடுப்பது, மர பீரோவை என்ன செய்வது என்று தனக்குத் தானே முணுமுணுத்தார். பிறகு சேலை முந்தானையைச் சரிபண்ணிக்கொண்டு, என்னைப் பார்க்காமல், முதன்முதலாக ஒரு வீட்டுக்கு வேலை கேட்டு வந்தவர் மாதிரி கேட்டார்.

"அப்ப உன் வீட்டுல எனக்கு எந்த ரூமு?"

மூன்று அறை வீடு எனக்கு. பிள்ளைகள் கோலாலம்பூர் போய் வருடக்கணக்காகிறது. இரண்டு அறை சும்மா கிடக்கிறது. 'எது வேணுமோ எடுத்துக்கம்மா' என்று சொல்ல ஒரு விநாடி போதும்.

"பாக்கலாம்மா" என்றேன்.

அம்மா "சரி" என்றார். அதற்குப் பிறகு அவர் அதைக் கேட்கவில்லை.